8 நிமிடம் எங்கே தொடங்குகிறது?

சென்ற ஆண்டு எங்கள் புளோக்கில் தீப்பிடித்தது. பெரிய தீ என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் மாடி மக்சிக் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு, பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடக் கீழே இறங்கியிருக்கிறார். பதினோராம் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த எனக்கு முதலில் வந்தது வாடைதான். யாரோ நெத்திலி பொரிக்கிறார்கள், கொஞ்சம் கருக விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு நடைபாதையில் புகை. எட்டிப் பார்த்துவிட்டு 995-ஐ அழைத்தேன்.

பின்னர் கைப்பேசியில் பார்த்தால், அழைத்த நேரம் 6:21. வண்டி கீழே வந்து நின்றபோது 6:28. வாய்ட் டெக்கில் கூடி நின்றவர்களிடம் எட்டாம் மாடி அங்கிள் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நேரக் கணக்கில் ரொம்பக் கறார். “பாத்தியா தம்பி, ஏழே நிமிஷம். சொன்னா சொன்னபடி வந்துட்டாங்க.”

அவர் சொன்னது உண்மைதான். தீக்கு 8 நிமிடம், ஆம்புலன்சுக்கு 11 நிமிடம் என்று நம் ஊரில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கும் இலக்கு அது. ஆண்டு தொடங்கிச் சில வாரங்களில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை முந்தைய ஆண்டின் கணக்கை வெளியிடும். 2023-இல் 1,954 தீச் சம்பவங்கள், 2024-இல் 1,990. ஏறக்குறைய பாதி வீடுகளில். வீட்டுத் தீக்கான காரணங்களில் அந்த ஆண்டுகளில் முதலிடம் கவனிக்காமல் விட்ட அடுப்புக்குத்தான். அதாவது நம் மக்சிக்குக்கு.

ஆனால் அன்று காலை எனக்கு வேறொரு கேள்வி ஒட்டிக்கொண்டது. ஏழு நிமிடம் என்றால் எங்கிருந்து எதுவரை? நான் அழைத்தது 6:21-க்கு. எண்ணெய் பற்றியது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வண்டி நின்றது 6:28-க்கு. அதன் பிறகுதான் அவர்கள் முதுகில் காற்றுக் கலனோடும் தோளில் குழாயோடும் லிப்டுக்கு வந்தார்கள். ஒரு மாடி கீழேயே இறங்கிப் படியேறினார்கள். கதவைத் திறந்தார்கள். தண்ணீர் தீயில் பட்டது எப்போது? அந்த நேரம் என் கைப்பேசியில் இல்லை. கடிகாரத்துக்கு முன்னாலும் ஒரு துண்டு இருக்கிறது, பின்னாலும் ஒரு துண்டு இருக்கிறது. நடுத்துண்டைத்தான் நாம் அளக்கிறோம்.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளக்க முடிந்ததைத்தானே அளப்பார்கள்? இருந்தாலும் அந்தக் கேள்வி விடவில்லை. பழைய தீக்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் ஊரில் தேடினால் எல்லா வழியும் புக்கிட் ஹோ ஸ்வீயில் போய் நிற்கும். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் பிடித்த தீ, அத்தாப்புக் கூரை வீடுகளின் மேல் காற்றோடு தாவி, இரவுக்குள் சுமார் 16,000 பேரை வீடற்றவர்கள் ஆக்கியது. 4 பேர் இறந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வராமல் இல்லை. வந்தன. ஆனால் குழாயில் தண்ணீரின் அழுத்தம் போதவில்லை. தெருவெல்லாம் மெத்தையும் பெட்டியும் தையல் இயந்திரமுமாக மக்கள் சாமான்களை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வேறு. வண்டி வந்து நின்ற நேரத்தை மட்டும் ஏட்டில் எழுதியிருந்தால் அன்றைய செயல்பாடு மோசமில்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். லோ கா செங் இந்தத் தீயைப் பற்றி 2013-இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். கம்பத்து மக்கள் தாங்களே தீயணைப்புக் குழு அமைத்து இரவுக் காவல் இருந்ததை அதில் படிக்கலாம். வண்டிக்கு முந்திய நிமிடங்கள் தங்களுடையவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் எண் ஒன்று ஊரையே எரிக்க முடியுமா என்று கேட்டால், அதற்குப் பதில் சிங்கப்பூரில் இல்லை, நியூயார்க்கில் இருக்கிறது. ஜோ ஃபிளட் என்ற பத்திரிகையாளர் 2010-இல் எழுதிய ‘தி ஃபயர்ஸ்’ என்ற நூலில்தான் அதை முதலில் படித்தேன். இரண்டு இரவு சரியாகத் தூக்கமில்லை.

1960-களின் நியூயார்க். தீ அழைப்புகள் சில ஆண்டுகளுக்குள் பல மடங்காகிவிட்டன. பிராங்ஸின் தெற்குப் பகுதி, புரூக்ளினின் பிரவுன்ஸ்வில், மன்ஹாட்டனின் ஹார்லெம் என்று ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடங்களில்தான் பெரும்பகுதி. கறுப்பினத்தவரும் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் அங்கே அதிகம். தெற்கு பிராங்ஸில் இஞ்சின் 82 என்றொரு தீயணைப்புக் குழு. அதில் வேலை பார்த்த டென்னிஸ் ஸ்மித் 1972-இல் தன் அனுபவத்தை நூலாக எழுதி உலகப் புகழ் பெற்றார். ஒரு தீயை அணைத்துவிட்டு நிலையத்துக்குத் திரும்புமுன் அடுத்த அழைப்பு, அதிலிருந்து அடுத்தது என்பதுதான் அவர்களுடைய நாள். நிலையம் என்பது அவர்கள் இருக்கும் இடமல்ல, எப்போதாவது வந்துபோகும் இடம்.

மேயர் ஜான் லின்ட்சேக்கு நிர்வாகத்தை நவீனமாக்கும் ஆசை. 1968-இல் ராண்ட் நிறுவனத்தை அழைத்தார். அமெரிக்க விமானப்படைக்காக அணு ஆயுதப் போரைக் கணக்குப் போட்டுப் பார்த்த அதே ராண்ட். 1969-இல் நியூயார்க் நகர ராண்ட் கழகம் தொடங்கியது. தீயணைப்புத் துறையில் அவர்களுக்குத் துணை நின்றவர் ஜான் ஓஹேகன். 1964-இல், நாற்பது வயதுக்கு முன்பே, துறையின் தலைமை அதிகாரியானவர். படித்தவர், கூர்மையானவர், கணினியைக் கண்டு மிரளாதவர். இந்தக் கதையில் வில்லனைத் தேடுகிறவர்கள் இவரைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் அலுவலகங்களில் நாம் எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய, எண்களை உண்மையாகவே நம்புகிற நல்ல அதிகாரி அவர். அதனால்தான் கதை பயமுறுத்துகிறது.

ராண்ட் ஆட்கள் ஒன்றும் செய்யாதவர்கள் இல்லை. தண்ணீரில் ஒரு வேதிப்பொருளைச் சிறிதளவு கலந்தால் குழாய்க்குள் உராய்வு குறைந்து, மெல்லிய குழாயிலேயே நிறையத் தண்ணீர் போகும் என்று கண்டுபிடித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. ‘வழுக்கும் தண்ணீர்’ என்று அதற்குப் பெயர். தீயணைப்பாளர்களின் தோள்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் நகரத்துக்கு வேண்டியிருந்தது சிக்கனம். எந்த நிலையத்தை மூடலாம், எதை இடம் மாற்றலாம்? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எத்தனை பேர் உயிர் பிழைத்தார்கள் என்பதை அளப்பது கடினம். எவ்வளவு சொத்து தப்பியது என்பதும் அப்படியே. வண்டி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது என்பதை அளக்கலாம். சில குழுக்களின் அதிகாரிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்தார்கள். புறப்படும்போது ஓர் அழுத்து, சேர்ந்ததும் ஓர் அழுத்து. இந்த ஆய்வை வேவு பார்ப்பதாக நினைத்து வெறுத்த தீயணைப்பாளர்கள் ஸ்டாப்வாட்சை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்றும், சேர்ந்த தகவல் மிகக் குறைவு என்றும் ஃபிளட் எழுதுகிறார். அதிலிருந்து வந்த முடிவுகளில் ஒன்று, நியூயார்க்கில் போக்குவரத்து நெரிசல் தீயணைப்பு வண்டியின் வேகத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்பது. பீக் ஹவரில் டாக்சியில் உட்கார்ந்த யாரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பீட்டர் கொலேசார், எட்வர்ட் பிளம் என்ற இருவர் 1973-இல் ஒரு வர்க்கமூல விதியை வெளியிட்டார்கள். கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள், எளிதுதான். ஒரு பகுதியின் பரப்பளவை அங்குள்ள வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். தீ இருக்கும் இடத்துக்கு வண்டி ஓட வேண்டிய சராசரித் தூரம் அதற்கேற்ப இருக்கும். தூரத்தைப் பாதியாக்க வண்டிகளை நான்கு மடங்காக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே பரப்பளவுள்ள இரண்டு பகுதிகள். ஒன்றில் 4 வண்டிகள், இன்னொன்றில் 16. முதலாவதில் ஒன்றை எடுத்தால் தூரம் 15 விழுக்காடு கூடும். இரண்டாவதில் ஒன்றை எடுத்தால் 3 விழுக்காடுதான் கூடும். அதுவும் ஏற்கெனவே குறைந்த தூரத்தில். ஆக, எங்கே மூடுவது? நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான். நிலையங்கள் எங்கே நெருக்கமாக இருந்தன? பழைய, மக்கள் நெருக்கமான, தீ அதிகமான ஏழைப் பகுதிகளில். ஏன் அங்கே நெருக்கமாக இருந்தன? அங்கேதான் தேவை இருந்தது!

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த விதி கணக்கில் எடுத்தது இருக்கும் வண்டிகளை அல்ல, வேலைக்குத் தயாராக இருக்கும் வண்டிகளை. வெளியே போயிருக்கும் வண்டியைக் கழித்துவிட அதில் இடமிருந்தது. ஆனால் மூட வேண்டிய நிலையங்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட மாதிரியில், எல்லா வண்டிகளும் எந்நேரமும் நிலையத்திலேயே காத்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டார்கள் என்பது ஃபிளட்டின் குற்றச்சாட்டு. வசதியானவர்கள் வாழும் பகுதியில் ஒரு நிலையத்தை மூடலாம் என்று கணக்குக் காட்டினால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பார்த்த சந்தர்ப்பங்களும் உண்டு என்கிறார்.

அமைதியான புறநகரில் வண்டி எப்போதும் நிலையத்தில்தான் இருக்கும். இஞ்சின் 82 இருக்காது. பக்கத்து நிலையத்து வண்டியும் இருக்காது, அதற்குப் பக்கத்து வண்டியும்தான். காகிதத்தில் மூன்று நிமிடத் தொலைவில் நான்கு நிலையங்கள். நிஜத்தில் நான்கும் காலி.

1972-இல் முதல் சுற்று மூடல் வந்தது. 1973-இல் ஓஹேகன் கமிஷனர் பதவியையும் சேர்த்து ஏற்றார். 1975-இல் நகரமே திவாலாகும் நிலைக்குப் போனது. அந்த ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பாளர்கள் வேலை இழந்தார்கள், பலரைப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேலும் நிலையங்கள் மூடப்பட்டன. 1970-க்கும் 1980-க்கும் இடையில் பிராங்ஸில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த வட்டங்களில் 7, தங்கள் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கும் மேல் இழந்தன. இன்னும் 44 வட்டங்கள் பாதிக்கு மேல் இழந்தன. சில எரிந்து போனவை, சில கைவிடப்பட்டவை. 1970-இல் 14,71,701 பேர் வாழ்ந்த பிராங்ஸில் 1980-இல் எஞ்சியவர்கள் 11,68,972. மூன்று லட்சம் பேர்! எங்கள் தெம்பனீசில் இருக்கும் ஒவ்வொருவரும் கிளம்பிப் போனால்கூட அந்த எண் வராது.

எல்லாப் பழியையும் சூத்திரத்தின் தலையில் போடுவது நேர்மையில்லை. இன்சூரன்ஸ் பணத்துக்காகச் சொந்தக் கட்டடத்துக்கே தீ வைக்க ஆள் அனுப்பிய வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அந்தப் பகுதிகளுக்குக் கடன் தர மறுத்த வங்கிகள் இருந்தன. குடியிருப்புகளை இடித்து நடுவே போட்ட விரைவுச்சாலை இருந்தது. ரோட்ரிக் வாலஸ், டெபோரா வாலஸ் தம்பதி மூடல்கள்தான் முக்கியக் காரணம் என்று பல ஆண்டுகள் எழுதினார்கள். 1998-இல் அதை ஒரு நூலாகவும் கொண்டுவந்தார்கள். இன்சூரன்ஸைக் கை காட்டுகிறவர்களும் உண்டு. சண்டை இன்னும் முடியவில்லை. நான் படித்தவரை, தீ வைத்தவர்கள் வேறு, அதைப் பரவ விட்டவர்கள் வேறு. சூத்திரம் இரண்டாம் வகை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1970-இல் அதிபர் நிக்சனுக்கு டேனியல் மொய்னிஹன் ஒரு குறிப்பு அனுப்பினார். இனப் பிரச்சினையைச் சிறிது காலம் ‘நல்லெண்ணத்தோடு’ கண்டுகொள்ளாமல் விடலாம் என்ற தொனியில் எழுதிப் பெரும் கண்டனத்துக்கு ஆளான குறிப்பு. அதில் நியூயார்க்கின் தீக் கணக்குகளும் இருந்தன. ஏழைகள் பகுதியில் எழும் தீ, சமூக நோயின் அறிகுறி என்பது அவர் வாசிப்பு. தீயணைப்புத் துறையின் ஆண்டுக் கணக்கு ஒரு மக்களின் குணத்துக்குச் சான்றிதழாக மாறிய இடம் அது. நம் ஊர் தோட்டத்து லயங்களையும் கம்பங்களையும் பற்றி எழுதப்பட்ட பழைய அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானதுதான்.

1977 அக்டோபர் 12. யாங்கி அரங்கில் பேஸ்பால் இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டம். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில், அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் கொழுந்துவிட்டு எரிவதை நாடே பார்த்தது. ‘பிராங்ஸ் எரிகிறது’ என்று வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் சொன்னதாக எல்லாரும் நம்புகிறார்கள். அந்த வார்த்தைகளில் அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் ஒரு காலத்தின் அடையாளமாக அது நிலைத்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி புரூக்ளினில் நடந்தது. வில்லியம்ஸ்பர்க்கின் வடபகுதியில் இஞ்சின் 212 நிலையத்தை 1975 நவம்பரில் மூட வந்தார்கள். பெரும்பாலும் போலந்து வம்சாவளித் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். மக்கள் திரண்டு நிலையத்துக்குள் புகுந்தார்கள். வண்டியை வெளியே கொண்டுபோக விடவில்லை. போகட்டும், நாலு நாளில் அலுத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்கள் அங்கேயே சமைத்தார்கள், தூங்கினார்கள், விழாக்களைக் கொண்டாடினார்கள். ஓர் ஆண்டுக்கும் மேல்! ‘மக்கள் தீயணைப்பு நிலையம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. 1977-இல் நகரம் இறங்கிவந்து வண்டியைத் திரும்பக் கொடுத்தது. பிறகு 2003-இல் இன்னொரு சிக்கன அலையில் அதை மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை.

கடிகாரத்தின் விளையாட்டு 1970-களோடு முடியவில்லை. 2009-இல் நியூயார்க்கில் அவசர அழைப்பு முறையை மாற்றினார்கள். அதுவரை 911-ஐ அழைத்தால் முதலில் போலிஸ் தரப்பு ஊழியர் பேசுவார், பிறகு தீயணைப்புத் துறை ஊழியருக்கு மாற்றுவார், அவர் மறுபடி எல்லாம் கேட்பார். புதிய முறையில் முதல் ஊழியரே எல்லாவற்றையும் கேட்டு எழுதி அனுப்பிவிடுவார். நல்ல மாற்றம்தான். ஆனால் தீயணைப்புத் துறையின் கடிகாரம் அந்தத் தகவல் வந்து சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கியது. அழைத்தவர் பேசிக்கொண்டிருந்த நேரம் யார் கணக்கிலும் இல்லை. அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்த நேரம் என்று நகர நிர்வாகம் பெருமையாக அறிவித்தது. தீயணைப்பாளர் சங்கம் இது கண்கட்டு வித்தை என்று கத்தியது. கடைசியில் 2013-இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது: அழைப்பு மணி அடித்த கணத்திலிருந்து வண்டி சேரும்வரை முழு நேரத்தையும் வெளியிட வேண்டும் என்று.

இதைப் படித்த வாரம் எங்கள் புளோக்கில் ஒரு பரிசோதனை செய்தேன். வண்டி நின்ற இடத்திலிருந்து மக்சிக் வீட்டு வாசல் வரை. கையில் இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பைகள். எட்டாம் மாடியில் இறங்கி ஒரு மாடி ஏற வேண்டும் என்பது விதி. அங்கிள்தான் நேரம் பார்த்தார், பழைய கேசியோ கடிகாரத்தில். லிப்ட் முதல் தடவை பதின்மூன்றாம் மாடியில் நின்றிருந்தது. 3 நிமிடம் 10 விநாடி. மூச்சு வாங்கியதை அங்கிள் கணக்கில் சேர்க்கவில்லை.

முன் துண்டையும் பின் துண்டையும் நம் படை அறியாமல் இல்லை. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கடிகாரத்தின் தொடக்கத்தை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கும் ஏற்பாடு அது. 2015-இல் வந்த மைரெஸ்பாண்டர் செயலி, பக்கத்தில் இருக்கும் பொதுமக்களுக்கே தகவல் அனுப்பி, இதயத் துடிப்பு நின்றவர்களுக்கும் சிறு தீக்கும் வண்டி வருமுன் ஓடச் சொல்கிறது. கம்பத்து இரவுக் காவலை நினைத்துக்கொண்டேன். எங்கள் புளோக் அதற்கெல்லாம் முந்தியது. கருவி வேண்டுமென்றால் நாமே வாங்கி மாட்ட வேண்டும். அங்கிள் மூன்று வாங்கி வந்தார், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று மக்சிக்குக்கு.

மாட்டிக் கொடுக்கப் போனபோது மக்சிக்கின் அடுக்களைக்குப் புதுச் சாயம் அடித்திருந்தது. குவே போட்டுக் கொடுத்தார். நான் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்கு எவ்வளவு நேரம் கீழே இருந்தீர்கள் என்று.

“செகெஜாப் சஜா,” என்றார். கொஞ்ச நேரம்தான்.

அங்கிள் ஏணி மேலிருந்து திரும்பாமலேயே சொன்னார். “அந்த ஸ்கூல் பஸ்ஸு ஒரு நாளாச்சும் கால் மணி நேரத்துக்கு முந்தி வந்திருக்கா?”